‘நில்’ என்று எழுதிய கட்டம்

1961 ஜூன் 5, திங்கள்

மூன்றாம் நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம்: இருமல், அட்டைக்கடி, காய்ச்சல். பிரசவம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் மருந்து கொடுக்கும் மருந்தையாவின் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். அதனால் மாத ரிப்போர்ட்டும் என் தலையில்.

சிவகாமி மகள் செல்வியைக் கூட்டி வந்தாள். பதின்மூன்று வயது. தை மாதம் தம்பிப் பாப்பா கக்குவானில் இவள் மடியிலேயே போய்விட்டான். அன்று முதல் ஒரு வார்த்தை இல்லை. மருந்தையா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தார். போன மாதமும் அதே. பூச்சியா அவள் வாயைக் கட்டியது?

வாசலில் கங்காணி: "புள்ள பேர வேலைக்குப் பதிஞ்சிருவோம் சிவகாமி. கொழுந்து எடுக்க வாய் எதுக்கு? கை இருந்தா போதும்ல." சிரிப்பு வேறு. அறையலாம் போல் இருந்தது.

ஜூன் 8, வியாழன்

மழை விட்டுவிட்டு. செல்வியை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகத் தோட்டத்து மேனேஜர், பெரிய துரையிடம் அனுமதி கேட்டேன்.

"தொந்தரவு பண்ணுதா?"

"இல்லைங்க தொரை. சும்மாவே உக்காந்திருக்கு."

"அப்ப என்ன வியாதி?"

சத்தம் போடாவிட்டால் வியாதி இல்லையாம். இவள் லயத்து வீடுகள் மேல் கல்லெறிந்திருந்தால் உடனே லொறி வந்திருக்கும், கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு. கடைசியில் ஒரு நாள் லீவு கொடுத்தார், தானம் கொடுப்பவர் போல.

வாங்க: டிங்சர், பஞ்சு, விளக்குத் திரி. குடை பழுது பார்க்க.

ஜூன் 12, திங்கள்

நுவரெலியா. பஸ்ஸில் செல்வி ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு ஒரு சின்ன வட்டம் போட்டாள். கையாலேயே அழித்தாள். மறுபடி போட்டாள்.

டாக்டர் சிங்களவர், இளம் வயது. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தாளும் பென்சிலும் கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம். இப்படி ஒருவர் அவளோடு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு என்னிடம்: "மிஸ், எனக்குத் தெரியாது. படிச்சது இல்ல. அனுப்புறதுன்னா வயசு வந்தவங்க இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். அங்க இந்தப் பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்."

"அப்ப யாருங்க பாக்குறது?"

"யாரும் இல்ல. சின்னப் பிள்ளைங்க மனசுக்கு இந்த மலையில ஒரு டாக்டர் இல்ல. சீமைக்குப் போய்ப் படிக்க அரசாங்கத்துகிட்ட நான் கேட்டது. குடுக்கல்ல."

மேசையிலிருந்து பதில் கடிதத்தை எடுத்துக் காட்டினார். தோட்டங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதாக எந்த ரிப்போர்ட்டும் இல்லையாம். ஆகவே பொதுப்பணம் செலவிட முகாந்திரம் இல்லையாம்.

முகாந்திரம்! மந்திரி வருகிறார் என்றால் ஒரே நாளில் ரோட்டுக்குத் தார் போட முகாந்திரம் உண்டு. ஒரு டாக்டரைப் படிக்க வைக்க இல்லை. இல்லையென்று எழுதிக் கொடுத்த படுபாவிகள் யார்? பஸ் முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். குடையைப் பழுது பார்க்க மறந்துவிட்டது.

ஜூன் 13, செவ்வாய்

அந்தப் படுபாவி நான்தான்.

பழைய ரிப்போர்ட் பிரதிகளைப் புரட்டினேன். கடைசிக் கட்டம், ‘சிறுவர் மனநோய்’. மாதா மாதம் ‘நில்’. எல்லாம் என் குண்டு எழுத்து.

எழுதினால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். காப்பாற்றுவதாக நினைப்பு. சுவரில் தலையை மோதிக்கொண்ட முனியாண்டி: ‘காயம்’ என்று போட்டேன். சோறே தொடாத பிலோமினா: ‘சோகை’. மேட்டு லயத்து இரட்டையரில் ஒருத்தி: ‘காய்ச்சல்’. இங்கிலீஷில் நில் என்றால் ஒன்றுமில்லை. தமிழில் படித்தால்? புறப்பட நின்ற டாக்டரை நில் என்று நிறுத்தியிருக்கிறேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 30, வெள்ளி

மூடுபனி. ரிப்போர்ட் நாள். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தேன். மருந்தையா: "எதுக்கு வம்பு? வழக்கம்போலப் போடுங்கம்மா." இந்த வழக்கத்தில் இடிதான் விழ வேண்டும் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

அவரிடம் அப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் சிவகாமிக்குத் தெரியாமல் அவள் மகளைப் பற்றி எழுதலாமா? ஆள் அனுப்பினேன். கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. எம் புள்ள பேர எழுதாதீங்க. கூட்டிட்டுப் போயிருவாங்க."

என் பயமேதான். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது, அதையும் சொன்னேன். டாக்டர் காட்டிய கடிதத்தையும் சொன்னேன்.

"இத்தன வருசமா நான் எழுதல சிவகாமி. அதனாலதான் யாருமே வரல."

அவள் திரும்பிப் பார்த்தாள். செல்வி வாசல்படியில். சிவகாமி என் கையை விட்டாள்.

"அப்ப பெருசா எழுதுங்கம்மா. கண்ணுல படணும்."

எழுதினேன். செல்வி, முனியாண்டி, பிலோமினா, மேட்டு லயத்துப் பெண். கட்டம் போதவில்லை. இன்னொரு தாள் ஒட்டப் பசை கேட்டிருக்கிறேன்.