மாடிச் சாவியைத் தேட வேண்டாம்

அப்பா, எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்களை எழுப்பாமல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

மாடிச் சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. துணி எடுக்கணும், டேங்க் பார்க்கணும் என்று என்ன கதை விட்டாலும் தர மாட்டார்.

முதுகு வலிக்கு ஒட்டும் பட்டையில் உள்ள மருந்து, உடம்பு சூடானால் ஒரேயடியாக உள்ளே இறங்கும், வெயிலில் நிற்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நீங்களும் சமத்தாகத் தலையாட்டினீர்கள். அப்புறம் நேற்று உச்சி வெயிலில் மாடி ஏறி, வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்கத் தளத்துக்கு வெள்ளை பெயின்ட்! நான் வந்து பார்த்தால் டேங்க் ஓரம் வாய் குழறிக் கிடக்கிறீர்கள். “ஒண்ணுமில்லம்மா, லேசா கண்ணு சொக்குது” என்று ஒரு சிரிப்பு வேறு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

டாக்டர் சொன்ன பிறகுதான் புதுப் பட்டை. டப்பா என் கைப்பையில். வலி தாங்காவிட்டால் போன் செய்யுங்கள், வீராப்பு வேண்டாம்.

சாப்பாடு மேஜைமேல். தண்ணீர் பாட்டில் மூன்றும் காலியாக இருக்க வேண்டும். செடிக்கு ஊற்றினால் தெரிந்துவிடும்.

மீதிப் பாதியை அடிக்க நாலு மணிக்கு பெயின்டர் வருவார். அவருக்குப் பாடம் எடுக்க நீங்கள் மேலே போகக் கூடாது.

பி.கு.: நீங்கள் அடித்து முடித்த பாதி எது என்று ராத்திரி நான் படுத்த பிறகுதான் புரிந்தது. என் அறைக்கு மேலே மட்டும். நீங்கள் படுக்கிற ஹால் அப்படியே கொதிக்கிறது. இப்படிச் செய்தால் நான் எப்படித்தான் நிம்மதியாகச் சண்டை போடுவது?

மத்தியானம் என் கட்டிலில் படுங்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது.