வண்டியில் சொன்ன இரண்டு எண்கள்

அன்பு மகள் ரோசெலுக்கு,

உன் அம்மா ஒடெல் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, ரத்த அழுத்த மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறது, முழங்கால்தான் மழை வருவதற்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. சியாட்டிலில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். சின்னவளுக்கு முன்பல் விழுந்த படம் அனுப்பியிருந்தாய், பார்த்தேன், அச்சு அசல் உன் வாய்தான். இரண்டு ஞாயிறாக நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்ததும் தெரியும். போன் என் மடியில்தான் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

இடைத்தேர்தலில் நான் தோற்றதும் உன் மாமன் வில்பர்ட் ஜெயித்ததும் உனக்குத் தெரிந்த சங்கதிதான். நகர மன்றத்தில் ஒரு இடம் செத்துப்போனவரால் காலி, நகர நீதிபதி நாற்காலி நோய்வாய்ப்பட்டவரால் காலி, இரண்டுக்கும் ஒரே சனிக்கிழமையில் ஓட்டு. தேர்தலில் நிற்கிற ஆசை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் தாமதச் சீட்டில் கையெழுத்துப் போட்டே ஆயுசு போனவள் நான். ஆனால் பெர்சி லாண்ட்ரி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டி விற்றதிலிருந்து, அங்கே பெய்கிற மழையெல்லாம் ரயில் பாதைக்குத் தெற்கே நம் தெருவுக்குத்தான் வருகிறது. போன வருஷம் வெள்ளத்தில் என் சமையலறையில் நண்டு நடந்தது உனக்கு வேடிக்கையாக இருந்தது, எனக்கு இல்லை. அந்த பெர்சியே மன்றத்துக்கு நிற்கிறான் என்றதும்தான் உன் மாமன் வந்தான். என் மேஜையில், என் கம்போ குழம்பை இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டே சொன்னான், "அக்கா, நீ கவுன்சிலுக்கு நில்லு, நான் ஜட்ஜுக்கு நிக்கிறேன். சனம் உன் மூஞ்சியப் பாத்துத்தான் எனக்கும் போடும்" என்று. அப்போது அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன், முட்டாள்.

அப்புறம் நான் உழைத்த உழைப்பு ஊருக்கே தெரியும். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று விடாமல் கோயில் கூடத்தில் கெளுத்தி மீன் பொரித்து, தட்டுத் தட்டாக நீட்டும்போது என் பெயரை ஒரு தரம் சொன்னால் அவன் பெயரை மூன்று தரம் சொன்னேன். அக்காளுக்கே அக்காள் பெயர் மறந்துபோச்சா என்று பங்குச் சாமியார்கூடக் கேலி செய்தார். நெடுஞ்சாலை முக்கில் அவன் அட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற வருகிற கார்களுக்கெல்லாம் கையாட்டினேன், இந்த முழங்காலோடு. நீ போனில் தண்ணீர் குடி, தொப்பி போட்டுக்கொள் என்று சொன்னாயே, அந்த நாட்கள்தான்.

இங்கே ஓட்டு எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் என்னோடு அந்த வேனில் போனவள்தான் நீ. நம் பக்கத்துக் கிழங்கட்டைகள் யாரும் பெயரைப் படித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், எண்ணை அழுத்திவிட்டு வருவார்கள். வேனில் ஏற்றிப் போகிறவர்தான் எண்ணைச் சொல்வார், அதுவும் சாவடிக்கு அறுநூறு அடிக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் பெட்ரோல் பங்க் திருப்பத்திலேயே சொல்லி முடித்துவிடுவார். இந்தத் தடவை வேன்களை வில்பர்ட் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். உன் முழங்காலுக்கு ஓய்வு கொடு அக்கா என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா, தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, நாளைக்கு என் தம்பி ஆட்கள் வருவார்கள், வேனில் எந்த இரண்டு எண் சொல்கிறார்களோ அதை அழுத்துங்கள், ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம், அவன் வாய் என் வாய் என்று சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஒலிபெருக்கி வைத்துச் செய்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். ஓட்டு எந்திரத்தில் அவனுக்கு எண் மூன்று, எனக்கு ஏழு, பெர்சிக்கு ஆறு.

இரண்டு வேன் ஆட்கள் மாற்றிப் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், வித்தியாசம் அவ்வளவுதான். சரி, கடவுள் சித்தம் என்று மறுநாள் பூசைக்குப் போனேன், தலை நிமிர்ந்துதான் போனேன். வாசலில் யூலாலி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் சரியாகத் தெரியாது, டி.வி.யும் பார்க்கிறதில்லை, முடிவு அவளுக்குத் தெரியாது. "ஒடெல், நீ சொன்னபடியே மூணும் ஆறும் அழுத்திட்டேன்டி. பக்கத்துல உக்காந்திருந்தவளுக்கு மறந்துபோச்சு, நான்தான் அவளுக்கும் சொன்னேன். ஜெயிச்சுட்டியா?" என்றாள். ஜெயிச்சாச்சு, உள்ளே வா, பூசை தொடங்கப்போகிறது என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். பூசை முழுக்க முழங்காலில் நின்று மூன்றும் ஆறும் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து இன்னும் நாலு பேரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். எல்லாருக்கும் மூன்றும் ஆறும்தான்.

திங்கட்கிழமை வில்பர்ட்டின் வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். எழுந்து நின்றான், காபி ஊற்றினான். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டான், அந்த மட்டில் வக்கீல் இல்லை, என் தம்பிதான். பெர்சி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஓட்டை இவனுக்குத் தருவது, இவன் தெற்குப் பக்கத்து ஓட்டை பெர்சிக்குத் தருவது, அதுதான் பேச்சு. "அந்த நாற்காலியில தெற்குப் பக்கத்து நம்ம ஆளு ஒருத்தன்கூட இதுவரைக்கும் உக்காந்ததில்லக்கா. நம்ம பசங்க அந்த ரூமுக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே போறாங்க. ரெண்டும் கேட்டா ரெண்டும் போயிருக்கும். ஒண்ணையாவது பிடிச்சேன்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை ரோசெல், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். நீதிமன்ற வாசலில் அந்தப் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் என்னிடம் தாமதச் சீட்டு வாங்கினவர்கள். சட்டம் படித்த காலம் முழுக்க இவன் என் பின்னறையில்தான் இருந்தான், இவன் அங்கே உட்கார வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டது எத்தனை தடவை. என்னிடம் வந்து, அக்கா நீ விலகிக்கொள், இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று கேட்டிருந்தால், இரண்டு நாள் கத்தியிருப்பேன், மூன்றாம் நாள் நானே விலகியிருப்பேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடாதா. அவன் கேட்கவில்லை. என் வாயாலேயே என்னைத் தோற்கடித்துவிட்டு, என் மீனையும் தின்றுவிட்டுப் போனான். பெர்சியின் தண்ணீர் இனி எங்கே வரும் என்று கேட்டேன், அதற்கு அவன் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. கிளம்பும்போது, என் ரத்தமே எனக்கு இப்படிச் செய்துவிட்டதே என்றேன். அதற்கு அவன், "நான் மட்டும் முடிவு பண்ணலக்கா. தவக்காலத்துக்கு முந்தின நாள், மார்டி கிராஸ் திருவிழா அன்னிக்கே ரோசெல்கிட்ட சொன்னேன். அம்மா பிரஷரோட இந்த அலைச்சல் வேண்டாம் மாமா, தோத்தா ரெண்டு நாள் அழும், அப்புறம் நிம்மதியா இருக்கும், நீங்க அதுகிட்ட எதுவும் சொல்லாதீங்கன்னு அவதான் சொன்னா" என்றான். அவன் செய்தது அவனோடு போகட்டும், அவன் ஒரு நாற்காலிக்காகச் செய்தான். நீ எதற்காகச் செய்தாய் மகளே? தவக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் கூப்பிட்டாய், பிரசாரம் எப்படிப் போகிறது என்று கேட்டாய், யூலாலி அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டுச் சிரித்தாய். நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். வெயிலில் நிற்காதே என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, அங்கே நிற்காதே அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. என் உடம்புக்காக என்று சொல்வாய். என் உடம்பு என்ன உங்கள் இரண்டு பேர் பொறுப்பிலா இருக்கிறது? நீ என்னைக் கிழவி ஆக்கிவிட்டாய் ரோசெல், வேனில் ஏற்றிக்கொண்டுபோய் எண் சொல்லி இறக்கிவிடுகிற ஆட்களில் ஒருத்தியாக. அம்மா தோற்கிறாள் என்று வருத்தப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்வேன். தோற்கட்டும் என்று நினைத்தாயே, அது தாங்கவில்லை. எழுதும்போதும் தாங்கவில்லை.

யாரிடமும் நான் சொல்லவில்லை. யூலாலி அம்மா இன்னமும் நான் ஜெயித்ததாகத்தான் நினைக்கிறாள், வாய்க்காலை எப்போது தோண்டுவாய் என்று கேட்கிறாள். அதற்கு ஒரு வழி பார்த்துவிட்டேன், மன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம், மாதாமாதம் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பெர்சி முகத்துக்கு நேரே பேசப் போகிறேன். பிரஷர் ஏறினால் ஏறட்டும்.

வில்பர்ட் பதவியேற்கிற அன்றைக்கு பைபிளைப் பிடிக்க நீ வருகிறாய், டிக்கெட்டும் போட்டாயிற்று என்று அவன் பெண்சாதி சொன்னாள். வா. அவன் உன் தாய்மாமன், உனக்கு ஞானத்தகப்பனும் அவன்தான், வராதே என்று சொல்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. எங்கள் அப்பாவின் பைபிளில்தான் கை வைத்து ஆணை எடுப்பானாம், அதை என் பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்பு என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறான். அது என் அலமாரியில்தான் இருக்கிறது. யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன். நீ வந்து என் முன்னால் நின்று, என் முகத்தைப் பார்த்து, உன் வாயால் கேள். கேட்டால் கொடுத்துவிடுவேன். என்னிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, சின்னவள் தலையில் என் கையை வைத்ததாக நீ வை. குளிருக்கு அவள் காதை மூடி அனுப்பு. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் அண்டாமல் காக்கட்டும், நான் கோபமாக இருக்கிற நாளிலும் அந்தச் செபத்தை விட்டதில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விமானத்திலிருந்து இறங்கினதும் மாமன் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்க்க வராதே. பெட்டியோடு வா.

இப்படிக்கு,
உன்னை இன்னும் கோபித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
ஒடெல் சிமியன்