முப்பது நாள் என்று எண்ணிவிட்டேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே. குழந்தைக்கு இருமல் நின்றதா, நீ டாக்டர் என்பதற்காக நீயே வைத்தியம் பார்க்காதே, வேறு யாரிடமாவது காட்டு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் கொஞ்சம் கூடுகிறது. எனக்கு இந்த வாரமும் இரண்டு ரயில் ஒரு பஸ். மூன்று மாநிலத்தில் வக்கீல் என்று பெருமையடித்துக்கொண்டவள், இப்போது கண் விழித்ததும் இன்று எந்த மாநிலம் என்று யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஒரு கோர்ட்டில் மூன்று பிரதி கேட்கிறார்கள், இன்னொன்றில் ஐந்து, மூன்றாவதில் கம்ப்யூட்டரில் ஏற்று என்கிறார்கள், ஏற்றப்போனால் அது படுத்துக்கொள்கிறது. அலுத்துவிட்டதடா.

உனக்குப் போன் போட்டேனே, அந்தத் தையல்கடைக்காரம்மா விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு. அப்பீல் போட நம் மாநிலத்தில் முப்பது நாள், அந்த அம்மாவின் கடை இருக்கிற மாநிலத்தில் இருபத்தொரு நாள்தான். நான் பழக்கதோஷத்தில் முப்பது என்று டைரியில் குறித்துவைத்து, இருபத்தெட்டாம் நாள் நிதானமாகப் போய் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏழு நாள் லேட் மேடம் என்றாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், ஆனால் காரணத்தைச் சத்தியம் செய்து எழுத வேண்டும். நம் குமாஸ்தாதான், பையன் வீட்டுக்குப் போன இடத்துல படுத்துட்டேன்னு எழுதுங்கம்மா, தம்பி டாக்டராச்சே, ஒரு சீட்டு வாங்குங்க, ஜட்ஜ் மறுபேச்சு பேசமாட்டார் என்றார். நானும் புத்தி கெட்டுப்போய் உன்னிடம் கேட்டுவிட்டேன்.

சீட்டு போன வாரம் வந்தது. எனக்கு டைபாய்டாம், பத்து நாள் படுத்த படுக்கையாம். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பஸ் பிடித்து அந்தக் கடைக்கே போய், நான்தான் நாளைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது ஒன்றுதான், அப்ப புது ஆர்டர் எடுக்கட்டுமா வேணாமா என்று.

மனுவில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், வியாழக்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று என் வக்கீல் உரிமத்துக்கு ஆபத்து வந்தால் வரட்டும், அந்தக் கடை போய்விடுமோ என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. சீட்டைக் கொடுத்திருந்தால் அநேகமாகத் தப்பித்திருக்கும். செய்தது சரியா என்று கேட்காதே, வாதாட எனக்குத் தெம்பில்லை.

சீட்டைக் கிழித்துவிட்டேன். அதில் உன் கையெழுத்து இருந்தது, உன் பதிவு எண் இருந்தது. நான் போனில் கேட்டபோது ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் சரிம்மா என்றாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இனி நான் இப்படி ஏதாவது கேட்டால், முடியாதும்மா என்று சொல்லிவிட்டுப் போனை வை.

இப்படிக்கு
உன் அம்மா