வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு மட்டும் பச்சை

காஞ்சிபுரம்,
மே 30, வெள்ளி.

அன்பு மகள் நிக்கத்துக்கு அப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மியும் சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் மாப்பிள்ளை தப்ரேஸும் அதேபோல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாரத்துக்கு நாலு தடவை வீடியோ காலில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். அம்மியின் படிப்பு என்ன ஆச்சு, சர்டிபிகேட் வந்ததா இல்லையா என்று நீ இரண்டு நாளாகக் கேட்கிறாய், அவளோ அப்பாவையே கேளு என்று போனை என் பக்கம் நீட்டுகிறாள், நான் கடைக்கு நேரமாச்சு என்று நழுவிவிடுகிறேன். அவளை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது மா. மாப்பிள்ளையின் தம்பி அர்பாஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று, அம்மிக்கு நீ ஆர்டர் போட்ட புதுப் போனை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ போன வருஷம் வாங்கிக் கொடுத்த போனில் ஒரு கோளாறும் கிடையாது. அதைக் குறை சொல்லி உன்னை நான் பேசின பேச்சுக்கு என்னை மன்னித்துவிடு.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும், தெரிந்த கதையையே சொல்கிறார் என்று சலித்துக்கொள்ளாதே. ஒன்பது வருஷமாக அம்மி பிள்ளையார்பாளையம் நர்சரி பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, டிபன் டப்பா திறந்து கொடுத்து, அழுகிறதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற வேலைதான் பார்த்தாள். டீச்சர் லீவு போட்டால் அன்றைக்குப் பாடம் நடத்துவதும் அவள்தான், ஆனால் அது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடும்போது ஹெச்.எம். லில்லி மேடம் அவளைக் கூப்பிட்டு, ஆன்லைனில் மழலையர் ஆசிரியைப் பயிற்சி ஒன்று இருக்கிறது, இருபத்து நாலு வீடியோ பாடம், மே முப்பத்தொன்றுக்குள் முடித்து சர்டிபிகேட்டைக் காட்டினால் எல்கேஜி வகுப்பை உங்களுக்கே தருகிறேன், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மி வீட்டுக்கு வந்து குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், அவ்வளவு சந்தோஷம்.

தினம் ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டாள். சமையலை முடித்து, பதினொன்றே முக்காலுக்குப் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. பன்னிரண்டரைக்குப் பகல் பாங்கு சொன்னதும் வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தொழப் போவாள், பாங்கு சொல்லும்போது வீட்டில் வேறு குரல் கேட்பது அவளுக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். தொழுதுவிட்டு வந்தால் பல நாள் வீடியோ தானாக மூடிக்கிடக்குமாம், திறந்தால் முதலிலிருந்து ஓடுமாம். வீடியோவுக்கு அடியில் ஓடுகிற கோட்டை அவள் விட்ட இடம் வரைக்கும் விரலால் இழுத்து வைத்து மீதியைப் பார்த்து முடிப்பாள். போன் சூடாகி மூடிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டாள், நானும் ஆமாம், ஆமாம் என்றேன். கேட்டதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதினாள். மூன்று நோட்டு முடிந்தது, அழிப்பான் பட்ட இடம் கூட இல்லாமல் அப்படி ஒரு எழுத்து.

மே பத்தாம் தேதி இருபத்து நாலாவது பாடத்தையும் முடித்துவிட்டு சர்டிபிகேட் என்ற இடத்தை அழுத்தினால் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, முழுசாகப் பார்த்ததற்குப் பச்சை டிக். ஆறு பாடத்துக்குத்தான் டிக், மீதி பதினெட்டும் பாதி வட்டம். மொத்தம் அறுபத்திரண்டு சதவீதம் என்று போட்டிருந்தது. சரி, நெட்டில் ஏறுவதற்குத் தாமதமாகும் என்று இரண்டு நாள் விட்டோம். பிறகு வரதர் கருட சேவை, ஊரே ரோட்டில் நின்றது, இவ்வளவு கூட்டத்தில் டவர் எப்படிக் கிடைக்கும் என்று பெருமாள் பேரில் ஒரு நாளைத் தள்ளினேன். பக்கத்து வீட்டு ரூக்ஷார் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறதே, அது வந்து போனில் இருந்த குப்பையெல்லாம் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போகச் சொன்னது, பாஸ்வேர்டு மறந்து அரை நாள் போனதுதான் மிச்சம். ரூக்ஷாரின் போனிலும் திறந்து பார்த்தோம், அதே பாதி வட்டம்தான்.

கடைசியில் ஹெல்ப்லைனுக்கு நான் பேசினேன். திரிஷா என்று ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசியது. சார், அவங்க வீடியோவ முன்னாடி தள்ளி ஓட்டியிருக்காங்க, முதல் பாதி ஓடவே இல்லைன்னு காட்டுது, தாண்டினதைப் பார்த்த கணக்குல சேர்க்க மாட்டோம் என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்க வூட்டுல அவங்க கொழம்பு கொதிக்கறதையே கண்ணெடுக்காம பாத்துக்கினு இருப்பாங்கம்மா, பாடத்தையா தாண்டுவாங்க, கோளாறு உங்க கிட்ட இருக்குது, போய் அதைப் பாரு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். உனக்குப் போன் போட்டு, என்னாமா போன் வாங்கிக் குடுத்த என்று பொரிந்ததும் அன்றைக்குத்தான். மறுநாள் புதுப் போன் ஆர்டர் போட்டேன் என்று உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

என் கத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மியைச் சுட்டது வேறு. அவள் விஷயத்தை லில்லி மேடத்திடம் போய்ச் சொன்னபோது, எல்லாரும் ஓட விட்டுட்டு வேலையைப் பாக்கறதுதானே ஷஹர்பானு, நீங்களுமா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். இவள் வந்து புர்காவைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு கெடைக்கலன்னாலும் பரவால்லீங்க, ஒன்பது வருஷம் அங்க நின்னுக்கினு இருந்தவளைப் பொய்க்காரின்னு நெனச்சுக்கினாங்களே என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன் என்று பேர்.

என் மனைவி ஒரு நிமிஷம் கூடத் தாண்டவில்லை என்று அந்தக் கம்பெனிக்கும் பள்ளிக்கும் காட்டியே தீருவது என்று கிளம்பினேன் மா. மூன்று நோட்டையும் கடைக்கு எடுத்துவந்து, எந்தத் தேதியில் எந்தப் பாடம், எதற்கு டிக், எதற்குப் பாதி என்று பில் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். டிக் விழுந்தது இரண்டாம் பாடம், ஒன்பது, பதினாறு, இருபத்து மூன்று, நடுவில் பதின்மூன்றும் பதினாலும். நோட்டில் தேதியைப் பார்த்தால் அந்த முதல் நாலு பாடமும் அவள் பார்த்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் மட்டும் நெட் நன்றாக வருமா என்று யோசித்தேன். பதின்மூன்றும் பதினாலும் ஏப்ரல் இருபத்தொன்பது, முப்பது. அந்த இரண்டு நாளும் நான் சரக்கு விஷயமாக ஆரணியில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நான் கடையிலிருந்து நேரே ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவேன், வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டேன். பேனாவை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

நான் ஜரிகைக் கடைக்காரன், நிக்கத். முப்பத்தொரு வருஷமாக ஜரிகைப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும்தான் இந்தக் கைக்கு வேலை. திறந்தபடி விட்டால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், அதனால் வந்தவர் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை மூடியைத் தேடும். நான் பகலில் வீட்டுக்கு வரும் நேரம் அம்மி தொழுகையில் இருப்பாள், அரிசி டப்பாவில் போன் வெளிச்சமாக நின்றுகொண்டிருக்கும். அய்யோ, திறந்து கிடக்கிறதே என்று எடுத்து மேலே தள்ளி எல்லாவற்றையும் மூடி, லைட்டை அணைத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போவேன். யோசித்துச் செய்ததில்லை, அதனால்தான் செய்ததே ஞாபகத்தில் இல்லை. பதினெட்டு நாள், பதினெட்டுப் பாதி வட்டம். நடுவில் மூடினால் அதுவரை ஓடினது கணக்கில் நிற்காது போல, அந்தத் திரிஷா சொன்னது முழு உண்மை, அம்மியைக் கோட்டை முன்னால் இழுக்க வைத்தவன் நான்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. விட்டுப்போன பதினெட்டையும் முதலிலிருந்து முழுசாகப் பார்த்துவிட்டால் டிக் விழுந்துவிடுமாம், ஹெல்ப்லைன்ல சொன்னாங்க என்று மட்டும் சொன்னேன், அவள் சரி என்றாள். தினம் காலையில் ஒன்று, பகலில் ஒன்று, ஒன்பது நாளில் முடிகிற கணக்கு. முகூர்த்த சீசன், கடையை விட்டு நகர முடியவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். மெஸ் சாம்பார் எட்டு நாளில் என் வயிற்றை ஒரு வழி செய்துவிட்டது. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது அவள் வட்டங்களைக் காட்டுவாள், ஒவ்வொன்றாகப் பச்சை, எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும்.

புதன்கிழமை கடைசிப் பாடம். இன்னிக்கு வூட்டுக்கு வந்து சாப்புடுங்க என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். கூட்டமா இருக்குதே என்று இழுத்தேன், பரவால்ல, வாங்க என்றாள். பயந்துகொண்டே போனேன். நான் செருப்பை விடுவதற்கும் பாங்கு சொல்வதற்கும் சரியாக இருந்தது. அவள் வீடியோவை நிறுத்தினாள், போனை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். நமாஸ் முடிச்சுட்டு வரேன், மூடாம வெச்சுக்கினு இருங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நீங்க சாப்புட வராத மொத நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு என்று பிறகு சொன்னாள். கதவு பக்கத்திலேயே உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கும்போதெல்லாம் ஓரத்தில் மெல்லத் தொட்டேன், வேறு எங்கேயும் விரல் படாமல். விரல் பழக்கத்தில் மேலே தள்ளப் பார்த்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் தொழுதுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பன்னிரண்டு நிமிஷத்தையும் பார்த்தாள், நானும் பார்த்தேன், அழுகிற பிள்ளையை வகுப்புக்குள் எப்படி அழைப்பது என்று ஒரு பாடம். முடிந்ததும் இருபத்து நாலும் பச்சை. நேற்று சர்டிபிகேட் வந்தது, லில்லி மேடம் கையை நீட்டி வாங்கிப் பார்த்து, நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அவரே சொன்னாராம். ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து எல்கேஜி உன் அம்மியுடையது மா.

அர்பாஸிடம் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்திருக்கிறோம், பெட்டியில் இடமில்லை என்று அவன் முனகினான், விடவில்லை. தப்ரேஸுக்கு முழங்கால் வலி குறைந்ததா, வண்டியைக் கொஞ்ச நாள் நீயே ஓட்டு. நீயும் உன் லேப் வேலையில் நின்றபடியே இருக்காமல் இடையில் உட்கார், தண்ணீர் குடி. பக்ரீத்துக்கு அம்மிக்குப் புடவை வேண்டுமா என்று கேட்டேன், வகுப்புக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் போதும் என்றாள், புதுப் போனுக்குப் பதிலாக அதை வாங்கி அனுப்பு. அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் பரக்கத்தையும் நல்ல உடம்பையும் தரட்டும், நீங்கள் நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

மறக்காமல் ஒன்று. நீ அம்மியோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாங்கு சொன்னால் அவள் போனை லைனில் அப்படியே விட்டுவிட்டுத் தொழப் போவாள், வந்து பார்த்தால் லைன் போயிருக்கும், குவைத் நெட்டே இப்படித்தான் என்று நீ இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதுவும் நெட் இல்லை மா. இனிமேல் நீ அப்படியே இரு, அம்மி வரும் வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்துல் சத்தார்