‘ரெண்டாம் ஷிப்ட்’டைத் திட்ட ஓர் ஆள் வேண்டும்

என் ஜான்சிக்கு, பக்கத்து மெஷினிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. நம்முடைய இரண்டாவது ஆல்பம் ‘ரெண்டாம் ஷிப்ட்’டுக்குக் கீழே, "காது வலிக்கிறது, ரெண்டு கிழவிகளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று இன்டர்நெட்டில் ஒரு பாவி எழுதியிருக்கிறான். அந்தப் பாவி நான்தான். ஓர் ஆம்பளைப் பெயரை வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பதிலாக ஒரு பைக் படத்தைப் போட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க நடுவில் எழுத்துப் பிழைகூட விட்டேன். நான் இவ்வளவு சிரத்தையாக எதையும் எழுதியதில்லை என்று என் பத்திரிகை ஆசிரியருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

யாராவது ஒருத்தர் வந்து "ஆமாம், எனக்கும் அப்படித்தான் பட்டது" என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஊரே திரண்டு வந்து என்னைக் கிழித்தது. "செத்துப்போனவங்களோட கடைசி வேலையைப் பத்திப் பேச நீ யாருடா" என்று ஒருவர். "உனக்கெல்லாம் அம்மா இருக்காளா" என்று இன்னொருவர். இதில் என் அக்கா வேறு எனக்கே போன் செய்தாள்.

"விமலா, பாத்தியா? எவனோ ஒரு பொறுக்கி எழுதிக்கிறான். அவன் வெளங்குவானா?"

"வெளங்க மாட்டாங்க்கா."

"அந்தக் கையில புழு வெக்கும் பாரு."

"வெக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டேன். இதுவரைக்கும் ஒன்றும் வைக்கவில்லை.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால், பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆம்பூரில் ஒரு ஷூ பேக்டரியில், ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கிற லைனில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் நாங்கள். ஒருத்தி பிறகு அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆனாள். இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டு வாரப் பத்திரிகைக்கு ஜோக் எழுதப் போனாள். கல்யாணம், பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, பழைய கீபோர்டு ஒன்றும் பிள்ளை கழித்துப்போட்ட லேப்டாப்பும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணக் கிளம்பினோம். பாடகர் கிடையாது, வார்த்தை கிடையாது. மெஷின் சத்தங்களைப் பிடித்துவந்து வெட்டி ஒட்டி, அதன்மேல் கீபோர்டு. நம் ஜோடிக்கு ‘ரெட்டைத் தையல்’ என்று பெயர் வைத்தவள் நீ. ஷூவில் பிரிந்துவிடக் கூடாத இடத்தில் போடுகிற தையல் அது.

முதல் ஆல்பத்தை ஊர் வரவேற்ற அழகு நினைவிருக்கிறதா? "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கடைசி வரைக்கும் காத்துக்கினு இருந்தேன்" என்றாள் என் அக்கா. உன் மாமியார் சமையல்கட்டிலிருந்து, "மிக்ஸியில ஸ்பூன் மாட்டிக்கிச்சு போல, யாராவது ஆஃப் பண்ணுங்கடி" என்று கத்தினார். நமக்குக் கீபோர்டு விற்ற வாணியம்பாடி சலீம் பாய், "பேஸே கம்மி, திம்முனு அடிக்கல. கொசு மாதிரி கீது" என்றார். நான் வீட்டுக்குப் போய் அழலாம் என்று இருந்தேன். நீ தெருவிலேயே நின்று சிரித்தாய். "கொசு மாதிரி கீதாம்டி. சரி, அடுத்தது எரும மாதிரி பண்ணிக் காட்டலாம் வா" என்றாய். ஊர் திட்டியதில் ஒன்றைக்கூட நீ வீணாக்கவில்லை. ‘ரெண்டாம் ஷிப்ட்’ அந்தத் திட்டுகளிலிருந்து பிறந்ததுதானே.

நீ போகும்போது அது கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மிச்சமிருந்த ஒட்டு வேலையை முடித்து, உன் பெயரை முதலிலும் என் பெயரைப் பின்னாலும் போட்டு வெளியிட்டேன். அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாத செய்தி.

பாராட்டு, ஜான்சி. தாங்க முடியாத பாராட்டு. ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நம்மைப் பற்றிச் சொன்னார். பிரியாணிக் கடைக் கல்லாவில் இருப்பவர், "உங்க பாட்டக் கேட்டு ரெண்டு நாள் வேலையே ஓடலக்கா" என்றார். ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில், ஒவ்வொரு பீட்டிலும் மரணத்தின் காலடி கேட்கிறதாக எழுதியிருந்தார்கள். தோலை அச்சு வைத்து வெட்டுகிற பிரஸ் மெஷின் சத்தம் அது. மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நாம் திருட்டுத்தனமாக ரெக்கார்டு பண்ணினோமே. மரணம் எந்த கேட் வழியாக உள்ளே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் எனக்கும் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகுதான் உறைத்தது. இவர்கள் யாரும் ஆல்பத்தைப் பாராட்டவில்லை. நீ செத்துப்போனதைப் பாராட்டுகிறார்கள். நம் ஊரில் செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒரு நாக்கும் எழாது. நீ ஒரு மணி நேரத்துக்கு வெறும் குக்கர் விசிலை ரெக்கார்டு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாலும் இதே ஃபாதர் இதே பிரசங்கம்தான் செய்திருப்பார்.

அதனால் திட்டு தேடிக் கிளம்பினேன். முதல் நம்பிக்கை உன் மாமியார். நீ வைத்த ரசத்தை ஒரு நாளாவது குறை சொல்லாமல் குடித்த வாயா அது? ஆசையோடு போனேன். போனில் நம் ஆல்பத்தை ஓடவிட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"எம் மருமவ தங்கம்மா. இன்னா மாதிரி வாசிச்சிக்கிறா பாரு."

"நல்லா கேட்டீங்களாம்மா? நடுவுல மிக்ஸி சத்தம் மாதிரி ஒண்ணு வரல?"

"மிக்ஸியா? அது கோயில் மணி மாதிரில்ல கீது. உனுக்குக் காது சரியில்ல விமலா, டாக்டராண்ட காட்டு."

கண் கலங்க வெளியே வந்தேன். நீ போன துக்கம் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். உன் மாமியார் உன்னைப் பாராட்டிவிட்டார் என்று அழுகிறேன் என அவளிடம் எப்படிச் சொல்வது? குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது வாணியம்பாடி. சலீம் பாய் வாய் தவறிக்கூட ஒரு பொருளை நல்லது என்று சொன்னதில்லை, விற்கிற பொருளைக்கூட. கடையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"கேட்டீங்களா பாய்?"

"கேட்டேன் தங்கச்சி. நல்லா கீது."

"உண்மையச் சொல்லுங்க."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ரெண்டாவதுல பேஸ் கொஞ்சம் ஜாஸ்…" என்று ஆரம்பித்தார். நான் ஆசையோடு முன்னால் சாய்ந்தேன். அவர் சட்டென்று மேலே பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"மௌத்தாப் போனவங்க விஷயம். வாணாம்மா."

"ஜாஸ்தின்னுதான சொல்ல வந்தீங்க?"

"இல்லயே. கரெக்டாதான் கீது."

"பாய், பேஸ் போட்டது நானு. நான் உசுரோடதான கீறேன்?"

"நீ போட்டாலும் அந்தப் பொண்ணு பேரும் அதுல கீதுல்ல. நமக்கு எதுக்கு பேஜாரு. டீ சாப்பிடுறியா?"

டீ சாப்பிட்டேன். சர்க்கரை ஜாஸ்தி. அதை நானும் சொல்லவில்லை.

உனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை, ஜான்சி. நான் ஏதாவது ஒரு துண்டு போட்டுவிட்டு உன் முகத்தைத்தான் பார்ப்பேன். உன் மூக்கு சுருங்கினால் அழித்துவிடுவேன். சுருங்காவிட்டால் அடுத்ததற்குப் போவேன். இத்தனை வருஷம் என் காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உன் மூக்கு. இப்போது லேப்டாப்பைத் திறந்து எதையாவது போட்டுவிட்டுப் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்புகிறேன். அங்கே நாற்காலி இருக்கிறது, அதன்மேல் துவைத்த துணி இருக்கிறது. போட்டது நன்றாக இருக்கிறதா, குப்பையா? எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாமல் இது எனக்கு வருமா, வராதா? "வராது, மூட்டை கட்டு" என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக மூட்டை கட்டியிருப்பேன். அதைச் சொல்லவும் ஆள் இல்லை. அந்தக் கடுப்பில்தான் பைக் படத்தைப் போட்டுக்கொண்டு நானே எழுதினேன். அதன் பிறகு மாதக்கணக்கில் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

அங்கே சத்தம் எல்லாம் எப்படி இருக்கிறது? ரொம்ப அமைதி என்றால் நீ எப்படித் தாங்குகிறாய்? யாருடைய காதைக் கடிக்கிறாய்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தார். கோயில் முடிந்து வருகிற வழியில் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். தேவராஜ் அண்ணனைப் பேசவைக்க எண்ணெய் விட வேண்டும் என்று நீ சொல்வாயே, இப்போது எண்ணெய் விட்டாலும் நகர்வதில்லை. பாதிச் சாப்பாட்டில் அவராகவே சொன்னார்.

"தெனமும் கேக்கறேம்மா. காலையில, வண்டியில போவும்போது."

"எப்படிண்ணா கீது?" என்றேன். ‘தங்கம்’ என்று பதில் வருவதற்குத் தயாராகப் பிரியாணியோடு வந்த கத்திரிக்காயைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவர் மென்று முடித்தார். "நாலாவது மட்டும் சகிக்கல."

கத்திரிக்காயை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "இன்னாண்ணா சொன்னீங்க?"

"நாலாவது பாட்டு. ஒரே எடத்துல சுத்திக்கினு, எங்கயும் போவாம, பல்லு வலி மாதிரி. மூணு முடிஞ்சதும் வண்டிய ஓரங்கட்டி அதத் தள்ளி வுட்டுட்டு அஞ்சுக்குப் போயிடுவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். தப்பா எடுத்துக்காத. அது நீ பண்ணதுதான? ஜான்சி கை அதுல இல்ல. இத்தினி வருசம் கூட இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

"எப்படிண்ணா கண்டுபுடிச்சீங்க?"

"அவ பண்ணா எங்கனா ஒரு எடத்துல சிரிப்பு வந்துடும். இதுல வரல."

எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து, என் தட்டில் இருந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். அவர் அதையும் சாப்பிட்டார். நான் கோபித்துக்கொண்டேனோ என்று நினைத்திருப்பார் போல. போகும்போது வாசலில் நின்று, "மத்ததெல்லாம் நல்லாதாம்மா கீது" என்றார். "அதச் சொல்லிக் கெடுக்காதீங்கண்ணா" என்றேன்.

அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஒரு சின்னத் துண்டு போட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஆனால் இந்தத் தடவை திரும்பி நாற்காலியைப் பார்க்கவில்லை. எங்காவது ஓர் இடத்தில் சிரிப்பு வருகிறதா என்று கேட்டுப் பார்த்தேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். மூன்றாவது ஆல்பம் வரும். ஆள் ஒன்றானாலும் பெயர் ‘ரெட்டைத் தையல்’தான். அதை ஃபாதரும் பத்திரிகைக்காரர்களும் கேட்பதற்கு முன்னால் தேவராஜ் அண்ணன் வண்டியில்தான் ஓடவிடுவேன். எங்கெல்லாம் அவர் ஓரங்கட்டுகிறாரோ, அங்கெல்லாம் தையலைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பேன்.

இப்படிக்கு,
நீ கடைசி வரை மூத்தவள் என்று ஒத்துக்கொள்ளாத, உன் கூடப்பிறக்காத அக்கா
விமலா

பி.கு.: நான் எழுதுகிற எதையும் தேவராஜ் அண்ணன் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில் இங்கே சொல்லிவைக்கிறேன். நாலாவது பாட்டில் என் விரல் படவே இல்லை. அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி நீ தனியாகச் செய்தது.