சிதம்பரத்தில் நான் விட்ட கதை

12 ஜனவரி 1936, ஞாயிறு

சிதம்பரம் போய் வந்தோம். சிதம்பர ரகசியத்தின் திரையை விலக்குமுன் அத்தையின் காதில், "பாவம் பண்ணாதவங்களுக்குத்தான் சாமி தெரியும்" என்று அளந்துவிட்டேன். அங்கே எல்லார் கண்ணுக்கும் தங்க வில்வமாலையும் வெறுஞ்சுவரும்தான். திரும்பும்போது, ரயிலையே தோற்கடிக்கும் அத்தை வாயைத் திறக்கவில்லை. புதுச்சேரியில் இறங்கியதும் சொன்னாள்: "எனக்குத் தெரியலடா. உங்க மாமா சாவறப்ப நான் பக்கத்துல இல்லியே, அதான்."

பயந்துபோனேன். "ஐயோ அத்தே, அது நான் விட்ட கதை! எனக்குந்தான் தெரியல."

"என்னைத் தேத்தப் பொய் சொல்றியா? நல்ல புள்ளடா நீ."

என் புளுகையெல்லாம் நம்பியவள், இந்த உண்மையை நம்பவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. காலையில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, அம்மாவையே அத்தையிடம் சொல்லவைக்க வேண்டும். அடி விழும். விழட்டும்.