பாக்குவெட்டியுடன் பரீட்சைக்குப் போன தங்கைக்காக

அனுப்புபவர்:
புஷ்பராஜ் கோபிகா (தரம் 11 மாணவி),
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம், கொழும்பு.

விடயம்: தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் முதல் வினாத்தாளை எழுத முடியாமற்போன என் தங்கை பு. யதுஷிகா தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா,

இது பெற்றோர் எழுத வேண்டிய மனு. அப்பா துறைமுகத்தில் இரண்டு வேலைமுறை பார்க்கிறார். எழுதினால் தங்கைக்கு இன்னும் கெடுதல் வரும் என்று அம்மா பயப்படுகிறார். ஆகவே அப்பாவின் சம்மதத்துடன் நான் எழுதுகிறேன்.

1. பரீட்சை நடந்த வாரத்தில் தங்கை பெரிய பிள்ளையானாள். அவளுக்கு வயது பத்து. எங்கள் குடும்பத்தில் அப்படியான பிள்ளை, தண்ணீர் வார்த்துச் சடங்கு முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது. என்னுடைய முறையில் எனக்குத் தவணைப் பரீட்சை முழுவதும் போயிற்று, அம்மா அசையவில்லை. இம்முறை அசைந்தார். "படிச்ச பிள்ளைய பூட்டி வைக்கவா? எழுதிட்டு வந்து குந்தட்டும்" என்று றஞ்சிதம் அத்தையிடம் அவர் சொன்னபோது, தங்கையை ஒதுக்கி வைத்திருந்த திரைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் தங்கையும் துள்ளினோம். "நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து அழாத" என்றுவிட்டு அத்தை போய்விட்டார்.

2. அம்மா ஒன்றை மட்டும் விடவில்லை. அந்த நாட்களில் வெளியே போகும் பிள்ளையிடம் இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் காற்றுக் கறுப்பு அண்டும் என்பார்கள். வீட்டிலிருந்த பாக்குவெட்டியை வேப்பிலையோடு கைக்குட்டையில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தார். அது பரீட்சை மண்டபத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. அம்மா தங்கையைக் கூட்டிச் சென்றபோது, பரீட்சை மண்டப வாசலில் மேற்பார்வையாளர் அதைக் கண்டார். வெட்டும் கருவி எதுவும் உள்ளே வரக்கூடாது என்றார். அது விதி, அதைச் சொன்னதற்காக நான் அவரைக் குறை கூறவில்லை. தானே வெளியில் வைத்திருப்பதாகக் காவலாளி சிங்களத்தில் சொன்னார். "பச்ச ஒடம்பு மிஸ். வெளிய வச்சா சரிவராது. உங்க மேசையில வையுங்க, அவ கண்ணு முன்னால இருந்தா போதும்" என்று அம்மா கெஞ்சினார். அதற்கு மேற்பார்வையாளர், "இந்தக் காலத்திலயும் இப்பிடியா? பிள்ளையிட படிப்பைவிட இந்த இரும்பு பெரிசோ?" என்று சத்தமாகக் கேட்டார். அங்கு நின்ற பெற்றோரில் ஒருவர், "பாக்குவெட்டி இருக்கு, வெத்தில எங்க அக்கா?" என்றார். பலர் சிரித்தார்கள். தங்கைக்கு என்ன நடந்திருக்கிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது, அவளுடைய வகுப்புப் பையன்களுக்கும்கூட. அவள் சட்டைக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

4. மணி அடித்தது. அம்மா இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிந்தி வருவோருக்கான நேரமும் முடியப்போகிறது என்று காவலாளி சொன்ன பிறகே அம்மா தங்கையிடமிருந்து பாக்குவெட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டு, "ஒண்ணும் வேணாம் மிஸ், வெறுங்கையோட போகட்டும்" என்றார். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள். இரண்டாவது வினாத்தாளை மட்டும் தங்கை வெறுங்கையுடன் எழுதினாள். எந்தக் காற்றும் அவளை அண்டவில்லை.

5. அந்த ஒரு வினாத்தாளுக்கு அவள் பெற்ற புள்ளி, அவளது வகுப்பிலேயே கூடியது. ஆயினும் மொத்தம் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. இந்தப் பரீட்சையை ஒரு முறைதான் எழுதலாம்.

ஐயா, வழக்கங்கள் மாற வேண்டும் என்று பாடசாலையில் நாங்கள் கட்டுரை எழுதுகிறோம், பரிசும் வாங்குகிறோம். என் அம்மா கட்டுரை எழுதியவர் அல்லர். பயந்து பயந்து, உறவினரைப் பகைத்துக்கொண்டு, அந்த வாசல்வரை மாறி வந்தார். மிச்சத்தையும் அந்த இடத்திலேயே மாற்றும்படி கேட்டுச் சிரித்தார்கள். பிள்ளை வாசல் தாண்டியதால்தான் இப்படி ஆனது என்று இப்போது அத்தை சொல்கிறார். அம்மாவும் அதையே நம்பத் தொடங்கிவிட்டார். இனி எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்காகவும் அவர் அத்தையை எதிர்க்கமாட்டார்.

தங்கை பயிற்சி வினாத்தாள்களை எல்லாம் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். போன ஞாயிறு என்னிடம், "நான் ஒரு கிழம பிந்திப் பெரிய பிள்ளையாகியிருக்கலாம்தானே அக்கா?" என்று கேட்டாள். நிறையப் புத்தகம் வாசிப்பவள் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். அன்றிரவே இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

ஆகவே, தரம் ஆறு பாடசாலை அனுமதிக்கான மேன்முறையீட்டில் அவளது இரண்டாவது வினாத்தாளின் புள்ளியையும் நடந்ததையும் விசேட காரணமாகக் கருதுமாறு வேண்டுகிறேன். இனிமேல் இப்படி வரும் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசவும், அப்பொருளை மேற்பார்வையாளரின் மேசையில் வைத்துக்கொள்ளவும் மண்டபங்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

இரண்டுக்கும் விதி இடம் தராவிட்டால், இதையாவது செய்யுங்கள். உங்கள் பதிலை எனக்கு அனுப்பாமல், செல்வி பு. யதுஷிகா என்று அவளுடைய பெயருக்கே அனுப்புங்கள். அவள் வளர்ந்தது பிழையில்லை என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். நாங்கள் சொல்லி அவள் நம்பவில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பு. கோபிகா

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.09.21